டியூஷன் பிடிக்க யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

வீட்டில் டியூஷன் ஆரம்பிக்க நினைக்கிறீர்களா? மாணவர் பிடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அந்த 500 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். திருச்சி உறையூரில் வாடகை வீடு. மாலையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கலாம் என்று யோசனை. (பள்ளி வேலையில் இருந்துகொண்டே எடுக்க நினைப்பவர்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவைப் படித்துவிடுங்கள். ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று அதில் நேராகவே இருக்கிறது.)

ஒரு டியூஷன் பீரோவில் பதிவுக் கட்டணம் 500, முதல் மாதச் சம்பளத்தில் பாதி கமிஷன் என்றார்கள். சரி, ஆள் பிடித்துத் தருகிறார்களே என்று கட்டினேன். அடுத்து, மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடுங்கள், பாதியில் விட்டுப் போகாமல் இருக்க ஒரு உத்தரவாதம் வேண்டும் என்றார்கள். முடியவே முடியாது என்று சொல்லி ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தேன். நீங்களும் கொடுக்காதீர்கள். அது தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்து அலையப் போவது நாம்தான்.

அவர்கள் கொடுத்த முகவரி திருவெறும்பூரில். நல்ல வெயிலில், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "நாங்க கேட்டது போன வருஷம் மிஸ். பையன் இப்ப பிளஸ் ஒன் போயிட்டான்." பாவம், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். பீரோவுக்குப் போன் செய்தால், "லீடு கொடுத்தாச்சு மேடம், பணம் திரும்பத் தர முடியாது" என்று வைத்துவிட்டார்கள். லீடு என்றால் டியூஷன் தேடும் வீட்டின் விவரமாம். முகவரி கையில் கிடைத்தவுடனே நேராகக் கிளம்பாமல், பெற்றோரிடம் நாமே ஒருமுறை போனில் பேசிவிட வேண்டும். நம்பர் தர மாட்டேன் என்று பீரோ சொன்னால் அங்கே போகவே வேண்டாம்.

ஆப்களிலும் இதே கதைதான். ஒரு பெற்றோரின் நம்பரைப் பார்க்கக் காசு, அதே நம்பர் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எம்.எஸ்.எம்.இ. (சிறுதொழில்) சான்றிதழ் வாங்கித் தர 1500 ரூபாய் என்றும் ஒருவர் வந்தார். அந்தச் சான்றிதழுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம்.

அப்புறம் வீட்டு ஓனர். "பதினாறு வயசுக்குக் கீழ டியூஷனே எடுக்கக் கூடாதுன்னு கவர்ன்மென்ட் சொல்லிடுச்சாமேம்மா" என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். அது 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. 50 பேருக்கு மேல் படிக்கும் கோச்சிங் மையங்களுக்கானது. அதைப் பதிவிறக்கி அந்தப் பக்கத்தையே அவரிடம் காட்டினேன். கரண்ட் கனெக்‌ஷனைக் கமர்ஷியலாக மாற்றிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அவருக்குப் போகவில்லை. ஒரு நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் இல்லை, செருப்பு வாசலில் கிடக்காது, ஏழரைக்கு முடித்துவிடுவேன் என்று பேசி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன். வாடகை வீடு என்றால் நோட்டீஸ் ஒட்டும் முன்பே இந்தப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாணவி வந்தது தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்கா மூலமாக. பத்தாம் வகுப்பு, தேர்வுக்குத் தேர்வு கணக்கில் இருபதைத் தாண்டாத பிள்ளை. விடைத்தாளைப் புரட்டினால் கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். நூற்றுக்கு 16 அங்கேயே போகிறது! முதல் இரண்டு வாரம் வேறு எதையும் தொடவில்லை. அட்டவணை போடு, அளவுத்திட்டத்தை மூலையில் எழுது, புள்ளிகளைக் குறி, சேர்த்து வரை. பென்சில் கூர்மையாக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். அடுத்த தேர்வில் 41 வாங்கினாள். தேர்ச்சிக்கு 35 போதும். விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்தே "மிஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அந்த மாதமே அவள் வகுப்பிலிருந்து இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். எந்த பீரோவும் தராத லீடு.

ஃபீஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். மாதம் முடிந்து வாங்கினால், "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் மிஸ்" என்பார்கள், பிள்ளை அதற்குள் நின்றுவிடும். ஐந்தாம் தேதிக்குள் முன்கூட்டியே என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள். மாதத்துக்கு எத்தனை வகுப்பு, பிள்ளை லீவு போட்டால் கழிவு உண்டா, மே மாதம் எப்படி என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேரில் கேட்கச் சங்கடப்படும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தாள்தான் துணை. இலவச டெமோ ஒரு நாள் போதும். ஒரு வாரம் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வாரத்தின் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது கொஞ்சம் விசாரிப்பு வரும். உண்மையான கூட்டம் காலாண்டுத் தேர்வு மார்க் வந்த பிறகுதான். அதற்கு ஒரு வாரம் முன்பே ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரி கடை, அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு எல்லாவற்றிலும் பெயரும் நம்பரும் பாடமும் ஒட்டியிருக்க வேண்டும். "எல்லாப் பாடமும்" என்று போடாதீர்கள். "பத்தாம் வகுப்புக் கணக்கு" என்று போட்டதற்குத்தான் எனக்குப் போன் வந்தது.