வேகம் அப்படியே இருக்கிறது, வழிதான் தவறுகிறது

வயதானால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை வெள்ளையணுக்கள் என்று சொல்லும் டோட்டல் கவுண்ட் எடுத்துப் பார்த்தால் எழுபது வயதுக்காரருக்கும் பெரும்பாலும் 4,000-க்கும் 11,000-க்கும் நடுவில்தான் வரும். ஆள்பலம் அப்படியேதான் இருக்கிறது. கோளாறு அந்த அணுக்களின் போக்குவரத்தில்.

காலில் முள் குத்தினால் முதலில் வந்துசேரும் வெள்ளையணு நியூட்ரோஃபில். காயத்திலிருந்து பரவும் ரசாயனத்தை மோப்பம் பிடித்து, ரத்தக்குழாய்ச் சுவரில் இரண்டு செல்களுக்கு நடுவே உடம்பை நெருக்கி வெளியே வரும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இளையோர், முதியோர் இருசாராரின் நியூட்ரோஃபில்களையும் நுண்ணோக்கியின் கீழ் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முதியோருடையவை வேகத்தில் சளைக்கவில்லை. ஆனால் மோப்பம் வரும் பக்கம் நேராகப் போகாமல் கோணல்மாணலாக அலைந்தன. பிஐ3கே என்ற நொதி செல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் சூடுபிடித்தால் அந்த ஓரம்தான் முன்பக்கம். வயதான செல்லில் அது எந்நேரமும் விழித்தே இருக்கிறது. நாலாபுறமும் முன்பக்கமானால் திசை ஏது? அந்த நொதியை மட்டுப்படுத்தும் மருந்தைச் சேர்த்ததும் பாதை நேரானது.

அலைவதோடு போனாலும் பரவாயில்லை. திசுவுக்குள் நகரும்போது நியூட்ரோஃபில், திசுவின் புரத நார்களைக் கரைக்கும் எலாஸ்டேஸ் நொதியைக் கசியவிட்டபடியே போகும். சுற்றுவழி நீள நீள, போகிற இடமெல்லாம் திசு அரிபடும்.

இதைவிட விசித்திரமானது திரும்பிப் போவது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2021-இல் கிழட்டு எலிகளின் தசையில் அழற்சி உண்டாக்கிக் கவனித்தார்கள். ரத்தக்குழாயை ஒட்டியிருக்கும், அழற்சியைத் தூண்டும் மாஸ்ட் செல்கள் அங்கே சிஎக்ஸ்சிஎல்1 என்ற அழைப்பு ரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. ஓயாமல் கூப்பிட்டால் காது மரத்துப்போகுமல்லவா? அந்த அழைப்பை வாங்கும் நியூட்ரோஃபிலின் ஏற்பியும் மழுங்கிவிட, பாதிச் சுவரைக் கடந்த அணு மறுபடி ரத்தத்துக்கே இறங்கிவிடுகிறது. இறங்கியது போய்ச் சிக்குமிடம் நுரையீரல். இதயத்தின் வலப்பக்க ரத்தம் முழுவதும் அந்தச் சல்லடை வழியாகத்தான் போயாகவேண்டும். அங்குள்ள தந்துகிகள் பலவும் நியூட்ரோஃபிலைவிடக் குறுகலானவை. தூண்டிவிடப்பட்ட அணு விறைப்பாக இருப்பதால் மாட்டிக்கொள்ளும், குழாயைக் கசியவைக்கும். தசையில் தொடங்கிய வம்பு நுரையீரலில் முடிகிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஒட்டவைக்கக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நிணநீர்க் கணுக்களின் கதை வேறு. கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் உள்ளே வந்து அரைநாளோ ஒருநாளோ சுற்றிவிட்டு அடுத்த கணுவுக்குப் போகும். வயதாக ஆக அவை ஏறித் திரியும் நார்வலை சிதைகிறது, கொழுப்பு அடைகிறது. டி செல்கள் முதிரும் மார்புச் சுரப்பியான தைமஸ் சுருங்கிவிட்டதால் புதுச் செல்களின் வரவும் சொற்பம். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கென்று வந்த ஃப்ளூ தடுப்பூசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் அதன் புரதத்தை 15-க்குப் பதில் 60 மைக்ரோகிராம் வைத்திருப்பது இந்த மந்தத்தை ஈடுகட்டத்தான்.

டி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகையான லிம்ஃபோசைட்டுகளில் சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருக்கும். மீதி உறுப்புகளில். அதனால் "கவுண்ட் நார்மல்" என்ற சீட்டை நம்பி முதியவரின் தொற்றை ஒதுக்கிவிடாதீர்கள். காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். திடீர்க் குழப்பம், சாப்பாட்டை வெறுப்பது, காரணமில்லாமல் விழுவது என்றுதான் தலைகாட்டும். அவர் சும்மா உட்கார்ந்திருக்கையில் மார்பைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 22-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.