ட்யூபில் உடைந்ததா, உடம்பிலா?

"அண்ணே, இது ட்யூப்ல உடைஞ்ச ரத்தமா, உடம்புல உடைஞ்சதா?" லேபில் இருந்த என்னிடம் லேபர் வார்டு சிஸ்டர் போனில் கேட்டது இவ்வளவுதான். "ட்யூப்லதான் சிஸ்டர், இன்னொரு தடவை எடுத்து விடுங்க" என்றேன். தப்பான பதில் என்று இன்றும் சொல்ல மாட்டேன். யோசிக்காமல் சொன்ன பதில்.

34 வாரக் கர்ப்பிணி, பிரஷர் 150/100. ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீரான சீரம் இளஞ்சிவப்பு, அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள் எல்.டி.எச். 780, ஏ.எஸ்.டி. 82, இரண்டும் அதிகம். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ஆட்டோவில் குலுங்கி வரும் சாம்பிள் பலதும் இப்படித்தான் இருக்கும். குலுக்கலை மட்டும் குறை சொல்ல முடியாது. மெல்லிய ஊசி, டூர்னிக்கெட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைப்பது, ஸ்பிரிட் காயும் முன்பே குத்துவது, சிரிஞ்சிலிருந்து ட்யூபுக்குள் அழுத்திப் பீய்ச்சுவது, இதில் ஏதோ ஒன்று போதும், சிவப்பணு உடைய. உள்ளே இருக்கும் எல்.டி.எச்., ஏ.எஸ்.டி., பொட்டாசியம் எல்லாம் சீரத்தில் கலந்து ஏறிவிடும். ரிப்பீட் கேட்பதுதான் முறை.

ஆனால் கர்ப்பத்தில் பெரும்பாலும் பிரஷரோடு வரும், உடம்பிலேயே சிவப்பணு உடைந்து கல்லீரலும் கெடும் ஆபத்தான ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோமிலும் இதே எண்கள்தான் ஏறும்: எல்.டி.எச். 600க்கு மேல், ஏ.எஸ்.டி. 70க்கு மேல், கூடவே பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே. அந்தப் பெண்ணுக்கு பிளேட்லெட் 1,18,000. லட்சத்துக்கு மேல்தானே என்று விட்டேன். போன மாதக் கார்டில் 2,20,000 இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். சிவப்பணு ட்யூபில் உடைவதால் பிளேட்லெட் குறைந்து காட்டாது. பிளேட்லெட் எண்ண எடுக்கும் ஊதா மூடி ட்யூபில் ரத்தம் கட்டி தட்டியிருந்தால் குறையும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் போட்டால் அது தெரியும், உடம்பில் உடைந்த ஹெல்மெட் வடிவச் செல்களும் தெரியும். பத்து நிமிட வேலை.

பொட்டாசியம் 4.1, நார்மல். ட்யூபில் அவ்வளவு உடைந்திருந்தால் அதுவும் ஏறியிருக்க வேண்டாமா? 3.5 இருந்தவளுக்கு 4.1 என்பதே ஏற்றம்தான் என்றும் வாதாடலாம். வாதாடிப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0. மெஷின் அதை நார்மல் என்றே அச்சடித்தது. கர்ப்பத்தில் சாதாரணமாக 0.4 முதல் 0.8 வரைதான் இருக்கும், ரிப்போர்ட் தாளுக்கு அது தெரியாது. யூரிக் ஆசிட் கேட்டிருந்தார்கள், கொடுத்தோம். இந்தப் பிரஷர் கோளாறு முற்றுமா என்று முன்கூட்டிக் கணிக்க அது பெரிதாக உதவாது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரண்டு புரதங்களை ஒப்பிடும் எஸ்.எஃப்.எல்.டி.-பி.எல்.ஜி.எஃப். விகிதம் 38க்குள் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பயமில்லை என்று வைக்கலாம்தான். அது எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் சிஸ்டரின் கேள்விக்கு அது பதிலாகியிருக்காது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ரிப்பீட் வந்தது. சீரம் தெளிவு. எல்.டி.எச். 640, பிளேட்லெட் 97,000. ஆக, ட்யூபிலும் உடைந்திருக்கிறது, உடம்பிலும் உடைந்திருக்கிறது. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் நரம்பில், 5 கிராம் வீதம் இரண்டு இடுப்பிலும் போட்டு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்படியானால் அந்த ஒன்றரை மணி நேரத்தால் ஒன்றும் கெடவில்லை. சிவந்த சாம்பிளை நம்பி ரிப்போர்ட் விட்டிருந்தால் அதுவும் குற்றம்தான்.

இப்போது ரிப்பீட் கேட்கும்போதே பழைய பிளேட்லெட் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன். "அது டாக்டர் பார்க்க வேண்டிய காரியம்லா, நமக்கெதுக்கு?" என்று லேபில் மூத்தவர் ஒருவர் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.