கத்தரிப்பூ நிறம்

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் வருடம் என்னை மிகவும் பயமுறுத்தியது கத்தரிப்பூ நிறம்தான். 15 நானோமீட்டர் தங்கத் துகள்கள் நீரில் தனித்தனியாக மிதக்கும்வரை கரைசல் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் கத்தரிப்பூ, பிறகு நீலம், கடைசியில் குடுவையின் அடியில் கறுப்பு வண்டல்.

அந்தத் துகள்களுக்குச் சிலிக்கா ஓடு போர்த்துவதுதான் என் வேலை. எத்தனால், அமோனியா, சிலிக்காவாக மாறும் டிஇஓஎஸ் என்ற திரவம் என்று 1968இல் ஸ்டோபர் குழுவினர் சிலிக்கா உருண்டைகள் செய்த அதே வழி. நான் தங்கத்தை நேராக எத்தனாலில் ஊற்றிவிட்டேன். மேலே ஒட்டியிருந்த சிட்ரேட் தந்த மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நீரில் நின்ற துகள்கள், எத்தனாலில் நிற்கவில்லை. கண்ணெதிரே மாதுளை கத்தரிப்பூவானது. போதாக்குறைக்கு, தங்கத்துக்கும் சிலிக்காவுக்கும் இயல்பிலேயே ஒட்டுறவு கிடையாது.

"பிவிபி போட்டியா?" என்று கேட்டார் சீனியர் அக்கா.

"பசைக்குச்சியில இருக்குற பாலிமர்தானே அக்கா அது?"

"அதேதான். தங்கத்துலயும் ஒட்டும், சிலிக்காவையும் சேத்துக்கும். தண்ணியிலயும் கரையும், எத்தனால்லயும் கரையும். வேற என்ன வேணும் உனக்கு?"

2003இல் கிராஃப், வான் பிளாடரன் முதலியோர் எழுதிய கட்டுரையை அவர்தான் கையில் திணித்தார். தங்கம், வெள்ளி, பாலிஸ்டைரீன் என்று பலவற்றுக்கும் இந்த ஒரே பாலிமரை வைத்து ஓடு போர்த்தியிருந்தார்கள். படிக்க எளிது. செய்யும்போது பொறுமை வேண்டும், எனக்கு அது கொஞ்சம் குறைவு. பாலிமர் துகளில் நன்றாகப் படிய ஒரு நாள் முழுக்கக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மிதமிஞ்சிய பாலிமரையும் நீரையும் அகற்றிவிட்டு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். டிஇஓஎஸ்ஸைச் சிறிது சிறிதாகத்தான் சேர்க்க வேண்டும். நான் ஒரே மூச்சில் ஊற்றினேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஜவ்வரிசி கொட்டியது போலத் தங்கமே இல்லாத வெற்றுச் சிலிக்கா உருண்டைகள்!

அடுத்த முறை, பல தவணைகளில் சேர்த்தேன். காலையில் வந்து பார்த்தபோது சிவப்பு லேசாக மாறியிருந்தது. 520 நானோமீட்டரில் இருந்த ஒளி உறிஞ்சல் உச்சமும் சற்று நகர்ந்திருந்தது. 'போச்சு, மறுபடியும் கத்தரிப்பூ' என்று குடுவையைக் கழிவுக் கேனுக்குக் கொண்டுபோனேன். துகள்கள் சேரவில்லை, சிலிக்காவின் ஒளிவிலகல் எண் எத்தனாலைவிடக் கூடுதல் என்பதால் வந்த நகர்வு அது என்று எனக்கு எங்கே தெரியும்? அக்கா பாய்ந்து வந்து குடுவையைப் பிடுங்கிக்கொண்டார்.