அப்பா தடவிப் பார்த்து எடுத்த பூட்ஸ்

மழை விட்டதும் பரணிலிருந்து பூட்ஸை இறக்கினேன். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ராயபுரத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தோல் சாமான் வைத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் இது வரத்தான் செய்யும். துணியால் துடைக்கும்போது, உறைந்த அருவி ஏறப் போகும் இரண்டு தம்பிகள் போனில் கேட்டது ஞாபகம் வந்தது: "அக்கா, பழைய மாடல் லெதர் பூட்ஸ் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குதிகால். மலையேற்றப் பயிற்சியில் எனக்குக் கொடுத்த பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது. பனிச்சுவரில் கிராம்பானின், அதாவது பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்சட்டத்தின், முன்பற்களை உதைத்து உதைத்துத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் கால் உள்ளே முன்னால் வழுக்கி, கட்டைவிரல் நகம் தோலில் போய் இடிக்கும். நிமிர்ந்து நிற்கும்போது குதிகால் மேலே எழும்பும். கெண்டைக்கால் நெருப்பாக எரியும். திரும்பி வரும்போது இரண்டு நகமும் கருத்திருந்தன. சரி, அடுத்த தடவை சொந்த பூட்ஸ்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மணாலியில் இருக்கும் தோழி, கைமாறிய இரண்டு ஜோடிகளை கூரியரில் அனுப்பினாள். அப்பா பெரியமேட்டில் ஷூ பட்டறையில் முப்பது வருஷம் கட்டிங் வேலை பார்த்தவர். வாணியம்பாடி, ஆம்பூர் தோலை விரித்துப்போட்டு, எந்தப் பகுதி ஷூவின் முகத்துக்கு, எது உள்ளே போக வேண்டும் என்று விரலால் தடவியே பிரிப்பார். பனியை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைத்தான் பார்க்கச் சொன்னேன்.

முதல் ஜோடி புதுசு போலவே இருந்தது. அப்பா சோலுக்கும் தோலுக்கும் நடுவிலிருந்த நுரை அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரை சும்மா வைத்திருந்தாலே வருஷக்கணக்கில் காற்றின் ஈரம் பட்டு இற்றுப்போகும். இதைப் போட்டுக்கொண்டு ஏறினால் நடுவழியில் சோல் கழன்று கையோடு வரும். அதை ஓரமாக வைத்துவிட்டோம்.

இரண்டாவது ஜோடி நிறம் மங்கிப் பழசாக இருந்தது. ஆனால் சோலைச் சுற்றி வெளியே தெரிகிற மாதிரி இரட்டைத் தையல். நாக்கின் வெட்டு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து, "குரோம் தோல், பிளக்காத தோல்" என்றார் அப்பா. குரோம் தோல் என்றால் குரோம் உப்பில் பதப்படுத்தியது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலென்றால் ஓரம் பழுப்பாக இருக்கும், இதன் நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தது. கனம் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். மேல்தோல் உரிக்காமல் அப்படியே இருப்பதால் மெழுகு தேய்த்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. தைத்த பூட்ஸ் என்பதால் சோல் தேய்ந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். நான் தோல் பூட்ஸை விரும்புவதற்குப் பெரிய காரணமே அதுதான்.

சோலில் விப்ரம் என்ற சோல் கம்பெனியின் மஞ்சள் எண்கோண முத்திரை. 1935இல் ஆல்ப்ஸில் ஆறு பேர் இறந்துபோன பிறகு, அவர்களோடு போயிருந்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலியர், நல்ல பிடிப்புள்ள ரப்பர் சோல் வேண்டுமென்று உழைத்து, 1937இல் கொண்டுவந்தது. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சோதனை. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம். மே மாத வெயில், ஆனாலும் ஏறும்போது போடும் அதே கம்பளி சாக்ஸ். வாசல்படியின் விளிம்பில் பூட்ஸின் முனை மட்டும் இரண்டு விரல்கடை இருக்கும்படி நின்றேன். சோல் வளையக் கூடாது, வளைந்தால் அது நடக்கிற பூட்ஸ். "இன்னாமா, குதிகால் தூக்குதா?" என்று அப்பா பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். தூக்கவில்லை. படியின் செங்குத்துப் பக்கத்தைப் பத்துத் தடவை உதைத்தேன், நகம் இடிக்கவில்லை. உள்ளே விரல்களை ஆட்டவும் முடிந்தது. ஆட்ட முடியாத அளவு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் முதலில் விறைக்கும்.

உங்கள் கிராம்பானையும் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் அழுத்தமான விளிம்பு இருந்தால்தான் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் முழு ஆட்டோமேட்டிக் கிராம்பான் உட்காரும். பின்னால் மட்டும் என்றால் செமி ஆட்டோமேட்டிக். இரண்டுமே மழுங்கியிருந்தால் வாங்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜனவரியில் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இரவு மைனஸ் 20க்கும் கீழே போகும். பகலில் ஏறிவிட்டு வீட்டுக்குத் திரும்புவதாக இருந்தால் தனி உள்பூட்ஸ் இல்லாத தோல் பூட்ஸ் போதும், கணுக்காலைப் பக்கவாட்டில் திருப்பிக் கால் வைக்கும் சுகம் பிளாஸ்டிக் பூட்ஸில் கிடைக்காது. ஆனால் கூடாரத்தில் பல இரவு தங்குவதென்றால் உள்பூட்ஸ் தனியாகக் கழற்ற வருகிற டபுள் பூட்ஸ்தான். நனைந்த தோலை ராத்திரி வெளியே விட்டால் காலையில் மரக்கட்டை. ஸ்பிட்டியின் காஸா ஊரில் நான் தங்கிய வீட்டில் பூட்ஸை அடுப்பிலிருந்து தள்ளியே வைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காய வைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

இப்போது பூஞ்சை போய்விட்டது. நிழலில் உலர்ந்ததும் அப்பா வாங்கி மடியில் வைத்து, தையல் ஓரமாகக் கட்டைவிரலால் மெழுகு தேய்க்கிறார். இடது காலில், சுண்டுவிரல் பக்கம், ஒரு நூல் லேசாக எழும்பியிருக்கிறதாம். நாளைக்குப் பெரியமேட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார்.