லெந்து நாட்குறிப்பு: இரண்டு காசு

மார்ச் 5, 2025, புதன்
சாம்பல் புதன், லெந்து என்னும் தபசுகாலத்தின் முதல் நாள். மத்தேயு 6. தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் சொல்லும் இயேசு, தர்மத்தில்தான் தொடங்குகிறார். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது. சபையின் பொதுப் பணத்துக்கோ இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டும் எப்படிச் சேரும்?

மார்ச் 6
மாற்கு 12. தன்னிடமிருந்த இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போன அந்த ஏழை விதவை, அன்று இரவு என்ன சாப்பிட்டாள்?

மார்ச் 9, ஞாயிறு
காணிக்கை எண்ண இரண்டு பேர், ஒரே குடும்பத்தார் அல்லாதவர்கள். தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகுதான் மேசையைவிட்டு எழ வேண்டும். “வீட்டில் போய் எண்ணிக்கொள்ளலாம்” என்ற அவசரத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைச் சேர்க்கத் தம் உடன் ஊழியர் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அப்போஸ்தலர் பவுல் அனுப்பினார். ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதே காரணம் (2 கொரிந்தியர் 8:20). கொடுத்தவர் பெயர் மறைந்திருக்கட்டும். பணம் போன வழி மறையக் கூடாது. புதன்கிழமைக் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

மார்ச் 12
மருத்துவத்துக்கென்று குறித்துக் கொடுத்த பணத்துக்குக் கணக்கில் தனிப் பக்கம். கட்டட வேலைக்கு “கைமாற்றாக” எடுத்தாலும் அது நோயாளியின் பணம்.

மார்ச் 17, திங்கள்
ஏழைகளுக்கு உதவியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறையிலேயே மனம் நிற்கிறது. உபாகமம் 24: அடகு வாங்கப் போகிறவன் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். ஏழையின் வாசற்படிக்கு அவ்வளவு மரியாதை! நாமோ உள்ளே போய் அடுக்களைவரை பார்க்கிறோம், புகைப்படம் எடுக்கிறோம், சாட்சி சொல்லச் சொல்கிறோம். ஆராதனைக்கு வந்த நாட்களை எண்ணி உதவியை அளக்கிறோம். இது எதுவும் வேண்டாம். உதவி பெறுவோர் பட்டியல் இருவர் கையில் மட்டும் இருக்கட்டும். எல்லோரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தவேண்டாம். என்ன தேவை என்று முதலில் கேட்கலாம். நாமாக ஊகித்து வாங்கிய பொருள் பலமுறை மூலையில்தான் கிடக்கும். கடனா, கொடையா என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், வாங்கியவர் நம்மைக் கண்டதும் தெரு மாறிப் போவார். உதவியும் போகும், உறவும் போகும்.

மார்ச் 18
பட்டியல் இன்னும் முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
வாரத்தின் முதல் நாள்தோறும், அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொல்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). தாம் வந்தபின் திடீர் வசூல் கூடாது என்கிறார். வரவு வந்தவுடன் எடுத்துவைத்தால் கொடுக்கக் கை கூசாது. செலவு போக மிஞ்சியதில் கொடுக்கலாம் என்றால் மிஞ்சுவதே இல்லை. பண்டிகைக்கு மட்டும் அள்ளிக் கொடுத்தால், அடுத்த மாத வாடகைக்கு அதே வீடு மறுபடி தவிக்கும்.

மார்ச் 27
“குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று, ஒன்றும் கொடுக்காமல் ஏழையை வாயால் அனுப்பிவிடுவது. யாக்கோபு 2:16. இன்று முழுதும் இதே வசனம்.

மார்ச் 30, ஞாயிறு
மறுபடியும் அந்த விதவை. மாற்கு 12:42க்கு இரண்டு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கும் யூதப் பண்டிதரை, இயேசு கண்டிக்கிறார். காணிக்கைப் பிரசங்கங்களில் 40ஆம் வசனத்தை ஏன் விட்டுவிடுகிறோம்? அவளுடைய ஜீவனம் முழுவதும் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியிலிருந்து அவளுக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 4, வெள்ளி
அப்போஸ்தலர் 6. ஆதிச் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்கு பேசும் விதவைகள் விடுபட்டார்கள். முறுமுறுத்தவர்களை யாரும் அடக்கவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலாவரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். பட்டியலை விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும். யாரை விட்டோம் என்று நாளை அவர்களிடமே கேட்க வேண்டும்.