புகைப்புரைச் சுவர்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்த ரப்பர் விளையில் (தோட்டத்தில்) இருக்கும் அம்மாவின் குடும்ப வீட்டைப் பழுதுபார்க்கச் சென்றிருந்தோம். பின்புறத்து இடிபாட்டைக் காட்டி, "இந்தத் தொழுவத்தை இடிச்சிரலாமா அண்ணே?" என்று கொத்தனார் கேட்டார். மாடு கட்டிய இடமென்றால் சுவர் உச்சிவரை ஏன் கரி படிந்திருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அது புகைப்புரை, தாத்தா காலத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையிட்டு உலர்த்திய அறை.

கூரை எப்போதோ விழுந்துவிட்டது. எஞ்சிய மூன்று வெட்டுக்கல் சுவர்களைப் பார்த்தாலே வேலை நடந்த விதம் விளங்கும். அடுப்பின் வாய் வெளிப்புறச் சுவரில் இருக்கிறது. தீ ஷீட்டுக்குக் கீழேயே எரிந்தால் ரப்பர் இளகிச் சொட்டி அறையே பற்றிக்கொள்ளும் என்பதால், விறகை வெளியே எரித்து, தரைக்கடியில் ஓடும் கால்வாய் வழியாகப் புகையையும் சூட்டையும் மட்டும் உள்ளே விட்டார்கள். சுவர்களில் எதிரெதிராக வரிசை வரிசையாகத் தெரியும் குழிகள், ஷீட் தொங்கவிட்ட மூங்கில் கம்புகளைச் செருகியவை.

காலையில் வெட்டிச் சேர்த்த ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, டிஷ்களில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைப்பார்கள். உறைந்ததை ரோலரில் அழுத்துவார்கள். கடைசி ரோலர் பதிக்கும் வரிகளை அழகுக்கானவை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். உண்மையில், அவற்றால் காற்றுப்படும் பரப்பு கூடுகிறது, ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. நீர் வடிந்த பிறகு ஏறத்தாழ 4 நாள் புகைப்புரையில் கிடக்கும். முதல் நாள் ஈரம் வெளியேற மேல்திறப்புகளைத் திறந்துவைத்து, சூட்டை 40 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். 60-ஐத் தாண்டினால் ஷீட்டில் குமிழ் விழும், தரமும் விழும். தெர்மாமீட்டர் இல்லாமல், கதவிடுக்கில் கையை நீட்டியே தாத்தா அதைக் கணித்தார் என்று மாமா சொல்வார். கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம்.

வெறும் சூடு போதாதா என்று கேட்கலாம். புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் பூஞ்சை பிடிக்காமல் காக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் அது சிறிய உதவியன்று. வெள்ளையாக உள்ளே போகும் ஷீட் தேன் நிறத்தில் வெளியே வரும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆர்.எஸ்.எஸ். (ரிப்டு ஸ்மோக்டு ஷீட், அதாவது வரி பதித்துப் புகையிட்ட ஷீட்) 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் ஷீட் அடிப்பதில்லை. பாலை அப்படியே பீப்பாயில் விற்றுவிடுகிறோம். கணக்குப் பார்த்தால் அதுவே சரி, விறகும் ஆளும் மிச்சம். ஆனாலும் சுவர்களை இடிக்க வேண்டாம் என்று மாமாவும் சொல்லிவிட்டார். அடுப்பு வாயில் வேர்விட்டிருக்கும் அரசங்கன்றை மட்டும், கல்லைப் பிளப்பதற்குள் எடுத்துவிடுமாறு கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.