சூதாடாமல் கேசினோவில் தங்குவது

ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்குப் பெட்ரோல் விலையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இன்றைக்கு ராத்திரி வண்டியை எங்கே போடுவது? ஸ்டேட் பார்க் என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே பதிந்திருக்க வேண்டும். தனியார் ஆர்.வி. பார்க்கில் ஓர் இரவுக்குக் கேட்கிற காசுக்கு மோட்டல் அறையே எடுத்துவிடலாம். வால்மார்ட்டில் சில ஊர்களில் விடுகிறார்கள், சில ஊர்களில் நடுராத்திரி வந்து கிளப்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது கேசினோ. விடிய விடிய வெளிச்சம், சுற்றிச் சுற்றி வரும் செக்யூரிட்டி வண்டி, எந்நேரமும் காபி, சுத்தமான கழிப்பறை. பல இடங்களில் காசே வாங்குவதில்லை. உள்ளே வந்து நாம் பணத்தை விட்டுவிட்டுப் போவோம் என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய வாடகை.

எனக்கு ஊர் தென்காசி. சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வந்தால் அப்பா அடுப்பில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் அமெரிக்காவின் கேசினோக்களை வாசல் வாசலாக எடை போட்டுப் பேசுகிறேன் என்று அண்ணன் இன்னும் கேலி செய்கிறான்.

டாலஸ் பக்கம் பிளேனோவில்தான் எங்கள் அமெரிக்க வாழ்க்கை முழுக்கக் கழிந்தது. கோயில், தமிழ்ப் பள்ளி, காஸ்ட்கோ, பொங்கல் விழா, பட்டிமன்றம். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் இந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எங்கள் தெருவைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. சின்னவள் கல்லூரிக்குப் போனாள், இவர் வேலையை விட்டார், வீட்டை விற்றோம். ஆசை அதற்கு வெகு முன்பே இருந்தது, காகிதம்தான் தடுத்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் முகவரி மாறினால் 10 நாளுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். தினம் ஒரு பார்க்கிங்கில் தூங்குகிறவர் எந்த முகவரியைச் சொல்வது? குடியுரிமை கைக்கு வரட்டும் என்று காத்திருந்தோம். அந்த விண்ணப்பத்திலும் சட்டவிரோதச் சூதாட்டத்தில் ஈடுபட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இவர் ‘இல்லை’ என்று டிக் அடித்த வேகத்தைப் பார்த்துப் பெரியவள் சிரித்தாள்.

டெக்சஸிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதல் கேசினோ பெரும்பாலும் வின்ஸ்டார். ஐ-35 நெடுஞ்சாலையில் வடக்கே போய் ரெட் நதியைத் தாண்டிய உடனே, ஓக்லஹோமாவின் முதல் மண்ணிலேயே நிற்கிறது. சிக்கசா பழங்குடியினருடையது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் பாரிஸ், லண்டன், ரோம், கெய்ரோ, பெய்ஜிங் எல்லாம் செட் போட்டு வைத்திருக்கிறார்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் ரோமோடு நின்றுவிடலாம். டெக்சஸ் சட்டம் வணிகக் கேசினோக்களை அனுமதிப்பதில்லை. அதனால் வின்ஸ்டார் வாகன நிறுத்தத்தில் பாதிக்கு மேல் டெக்சஸ் நம்பர் பிளேட். சனிக்கிழமை இரவில் அங்கே தமிழ்க் குரல் கேட்காமல் நான் வெளியே வந்ததில்லை. கோயிலில் பார்த்தால் அரை மணி நேரம் நின்று பேசுகிறவர்கள், அங்கே பார்த்தால் சட்டென்று ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

தென்காசிக்காரிக்கு இதில் புதுமை இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். கேரள அரசு 1967 முதல் தானே லாட்டரி நடத்துகிறது. செங்கோட்டை தாண்டி, புளியரை செக்போஸ்ட் தாண்டி, ஆரியங்காவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சீட்டுக் கடைகள். ஓணம் பம்பர் சமயத்தில் அங்கே நிற்கிற கூட்டத்தில் நம்மூர்க்காரர்கள்தான் அதிகம். ஆரியங்காவு தெரிந்தவருக்கு அமெரிக்கக் கேசினோ வரைபடம் பாதி புரிந்த மாதிரி. எந்த மாநிலம் வேண்டாம் என்கிறதோ அதன் எல்லைக்கோட்டில் போய்ப் பாருங்கள், கடை இருக்கும். யூட்டாவில் எந்தச் சூதும் கிடையாது, லாட்டரி கூட இல்லை. ஐ-80இல் வெள்ளை வெளேரென்று கிடக்கும் பான்வில் உப்புப் பாலையைக் கடந்தால் நெவாடாவின் வெஸ்ட் வெண்டோவர். வாடிக்கையாளர்கள் சால்ட் லேக் சிட்டிக்காரர்கள் என்பதால், ஊரின் கடிகாரம்கூட நெவாடா நேரத்தில் ஓடாமல் யூட்டா நேரத்தில் ஓடுகிறது.

எல்லைக்கோடு ஒரு பாதி. மறுபாதி பழங்குடியினர் நிலம். கலிபோர்னியாவில் ஐ-10 ஓரம், இண்டியோ பக்கம், கபாசான் என்றொரு சிறு பழங்குடிக் கூட்டம். வழக்கு நடந்தபோது அவர்களில் பதிவு பெற்றவர்கள் 25 பேர்தான். பிங்கோ என்கிற எண் அட்டை விளையாட்டும் சீட்டாட்டக் கூடமும் நடத்தியவர்களை மாநில அரசு தடுக்கப் பார்க்க, மொரோங்கோ பழங்குடியினரும் சேர்ந்துகொண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987இல் பழங்குடியினர் பக்கம் தீர்ப்பு. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தது. இன்று நாடு முழுக்க நாம் பார்க்கிற பழங்குடிக் கேசினோக்கள் அந்த 1988 சட்டத்தின் கீழ் நடப்பவை. ஒரு வேடிக்கை: கபாசான் என்ற ஊரில் பெரிய கோபுரத்தோடு நிற்பது மொரோங்கோ கேசினோ, கபாசான்காரர்களுடையது இண்டியோவில் இருக்கிறது. எங்கள் ஜி.பி.எஸ். இவரை ஒருமுறை நன்றாகவே அலைக்கழித்தது.

எல்லாப் பழங்குடியினரும் ஆசையாகப் போய் விழவில்லை. நவஹோ மக்கள் 1994இலும் 1997இலும் வாக்கெடுப்பில் கேசினோ வேண்டாம் என்றார்கள். 2008இல்தான் கேலப் அருகே முதல் கேசினோ திறந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் அருகே இருக்கும் ட்வின் ஏரோஸ் 2013. சாக்டா மக்களின் கதை இன்னும் கனமானது. 1830இன் பழங்குடியினர் வெளியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோரை மிசிசிப்பியிலிருந்து ஓக்லஹோமாவுக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். சிலர் போகாமல் தங்கிவிட்டார்கள். இன்று ஓக்லஹோமாவின் டுரான்ட்டில் ஒரு சாக்டா கேசினோ, மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு சாக்டா கேசினோ. இரண்டிலும் தங்கியிருக்கிறோம். மிசிசிப்பியில் எங்கள் வண்டிக்கு இடம் காட்டிய செக்யூரிட்டி அம்மாள், டுரான்ட்டிலிருந்து வருகிறோம் என்றதும், “அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்ததில்லை” என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போன குடும்பத்தாரைப் பற்றிப் பேசும் குரல் அப்படியே இருந்தது.

சரி, நிறுத்துகிற விவகாரத்துக்கு வருகிறேன், கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். போவதற்கு முன் ஃபோன் செய்து செக்யூரிட்டியைக் கேளுங்கள், முன்மேசையைக் கேட்டால் ஹோட்டல் அறை விற்கப் பார்ப்பார்கள். “ராத்திரி தங்கலாமா? எந்தப் பக்கம்? எத்தனை நாள்?” அவ்வளவுதான். பல இடங்களில் உள்ளே போய் பிளேயர்ஸ் கார்டு என்கிற உறுப்பினர் அட்டை எடுக்கச் சொல்வார்கள். இலவசம். சில கேசினோக்கள் புது கார்டுக்குப் பத்து டாலர் அளவுக்கு விளையாட்டுக் காசும் போட்டுத் தருகின்றன. வண்டியைப் பக்கவாட்டில் அகலமாக்கும் ஸ்லைடை நீட்டக் கூடாது, நாற்காலி போட்டு உட்காரக் கூடாது, கிரில் பற்றவைக்கக் கூடாது. அழுக்குத் தண்ணீரை ஒரு சொட்டுகூடக் கீழே விடக் கூடாது. இந்தக் கடைசி விதியை யாரோ மீறியதால்தான் முன்பு தாராளமாக விட்ட இடங்களில் இப்போது ‘இரவு தங்கத் தடை’ பலகை தொங்குகிறது. நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிசி களைந்து, குழம்புச் சட்டி கழுவி, காபி டம்ளர் அலசினால் பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி மூன்றாம் நாளே நிரம்பிவிடும். நான் இப்போது தட்டை முதலில் பேப்பர் டவலால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் காட்டுகிறேன். மின் இணைப்பு உள்ள கேசினோ ஆர்.வி. பார்க்கிலும், 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட்ஸ். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் இன்ஸ்டன்ட் பாட்டையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இட்லி மாவு மட்டும் பிரச்சினையே இல்லை. அரிசோனா வெயிலில் மதியம் வைத்தது சாயங்காலம் பொங்கி நிற்கும்.

உள்ளே போனால் இவருக்கு இருபது டாலர் கணக்கு. போனால் போனது, எழுந்து வந்துவிடுவார். பொறியாளர் என்பதால் பக்கத்தில் நின்று எனக்குக் கணக்குச் சொல்வதில்தான் அவருக்கு உண்மையான சந்தோஷம். ரூலெட் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம் இருந்தால் கேசினோவுக்குப் போகிற பங்கு 5.26 சதவீதம், ஒரே பூஜ்யமென்றால் 2.7. சில இடங்களில் இப்போது மூன்று பூஜ்யம் வைக்கிறார்கள், 7.69. “பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் பரிசு விகிதம் 3:2 என்று எழுதியிருந்தால் உட்காரு, 6:5 என்றால் நகர்ந்து போ” என்பார். நான் எதிலும் உட்காருவதில்லை. ஓக்லஹோமாவில் பல மெஷின்களில் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு பிங்கோ அட்டை தெரியும். பழங்களும் மணிகளும் சுற்றுவதெல்லாம் வெறும் அலங்காரம், முடிவைத் தீர்மானிப்பது அந்தக் குட்டி பிங்கோதான். சட்டத்தில் பிங்கோ வேறு வகுப்பு, மாநிலத்தோடு ஒப்பந்தம் போடாமலே நடத்தலாம் என்பதால் இந்த ஏற்பாடு. இதைச் சொல்லித் தந்தது என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய ஒரு பாட்டி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே.

விசிட்டர் விசாவில் அத்தை வந்திருந்த வருடம் எங்களோடு வண்டியில் நியூ மெக்சிகோ வரை வந்தார். “சூது ஆடுத இடத்துல பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்” என்று முதல் இரவு வண்டியை விட்டே இறங்கவில்லை. இரண்டாம் இரவு வெளியே குளிர், உள்ளே ஹீட்டர் என்று வந்தார். மூன்றாம் இரவு ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து, இவர் தந்த டாலர்களை ஒவ்வொரு பைசாவாகச் செலவழித்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவருக்கு 1,400 டாலர் விழுந்தது. மேலே விளக்கு எரிய, மெஷின் உறைந்து நின்றது, ஒரு பெண் காகிதங்களோடு வந்தாள். அப்போது 1,200 டாலரைத் தொட்டாலே வருமான வரிப் படிவம். 2026 முதல் அதை 2,000 ஆக்கியிருக்கிறார்கள். இங்கே வசிப்பவர் என்றால் படிவத்தை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தோடு போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டும் விசிட்டர் விசாவும் என்றால் அங்கேயே 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். 420 டாலர் போக 980 கையில் வைத்தாள்.

“ஏ பிள்ளை, நான் பொத்தான அமுக்குனேன், எனக்கு விழுந்துச்சு. இவன் யாரு நடுவுல?”

“அரசாங்கம் அத்தை.”

“நம்மூர்லயே இருந்திருக்கலாம்.”

நம்மூரிலும் லாட்டரிப் பரிசுக்கு அதே 30 சதவீதம்தான் என்று நான் சொல்லவில்லை. வரி தாக்கல் செய்து, தோற்ற பணத்தைக் கழித்துத் திரும்ப வாங்கலாமா என்று பார்த்தோம். அந்தச் சலுகை கனடாக்காரர்களுக்கு ஒப்பந்தப்படி உண்டு, இந்தியர்களுக்கு இல்லை. இதில் விசித்திரம், அதே 1,400 டாலரை பிளாக்ஜாக்கிலோ ரூலெட்டிலோ ஜெயித்திருந்தால் வெளிநாட்டவருக்கு அந்தப் பிடித்தமே கிடையாது. அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். அத்தைக்கு பிளாக்ஜாக் சொல்லிக்கொடுக்க நான் தயாராக இல்லை.

குளிர்காலத்துக்கு எங்களுக்குப் பிடித்த ஊர் லாஃப்லின். நெவாடாவின் தென்கோடி, கொலராடோ ஆற்றங்கரை. டான் லாஃப்லின் என்பவர் 1960களில் பாழடைந்த மோட்டல் ஒன்றை வாங்கி ஆரம்பித்தது, பிற்பாடு ஊருக்கே அவர் பெயர் வந்தது. எதிர்க்கரை அரிசோனாவின் புல்ஹெட் சிட்டி. குளிர்காலத்தில் ஆற்றைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். கோடையில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 1994 ஜூனில் 125 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவான ஊர் லாஃப்லின். நவம்பர் ஆனதும் மினசோட்டா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் பிளேட்டுகளோடு வண்டிகள் வந்து நிறையும். எழுபதைத் தாண்டிய தம்பதிகள், தனியாகப் பெரிய வண்டி ஓட்டும் விதவைகள். காலையில் ஆற்றங்கரையில் நடை, மதியம் சீட்டு, ஐந்து மணிக்கே இராச்சாப்பாடு. சிலர் ஜனவரியில் தெற்கே குவார்ட்சைட் பாலைக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அங்கே அரசு நிலத்தில் மொத்தமாக ஒரு கட்டணம் கட்டித் தங்கலாம். நான் ரசம் வைத்த அன்று பக்கத்து வண்டி மினசோட்டாக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து என்ன மருந்து காய்ச்சுகிறாய் என்றார். ஒரு கோப்பை குடித்துவிட்டு, மறுநாள் சளி பிடித்த மனைவியையும் அழைத்துவந்தார்.

அதே லாஃப்லினில்தான் விடியற்காலை நான்கு மணிக்கு ஏ.டி.எம். முன்னால் நின்று மூன்றாவது அட்டையைச் செருகுகிறவர்களையும் பார்த்தேன். வீட்டை விற்று ஆர்.வி. வாங்கினோம் என்று எங்களிடம் சொன்ன ஒருவர், வேறொரு நாள், வாங்கிய பிறகுதான் விற்க வேண்டி வந்தது என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. கழிப்பறைக் கதவுகளில் 1-800-கேம்ப்ளர் என்ற உதவி எண் ஒட்டியிருக்கிறது. அதை யாரும் குறித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மிசிசிப்பியின் டுனிகாவுக்கு இப்போது போனால் ஏதோ விழா முடிந்த மறுநாள் போலிருக்கும். நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் ஒன்றாக இருந்த இடம். 1990இல் மாநிலம் அனுமதித்தது, ஆனால் கேசினோ தண்ணீர் மேல் இருக்க வேண்டும் என்றது. ஆற்றோரம் குளம் வெட்டி, அதில் தெப்பம் மிதக்கவிட்டு, தெப்பத்தின் மேல் மாளிகை கட்டினார்கள். பருத்திக் காட்டு நடுவே நான்கு வழிச்சாலை வந்தது அப்படித்தான். பிறகு அக்கம்பக்கத்து மாநிலங்கள் தாங்களே கடை விரித்தன. மிகப் பெரியது 2014இல் மூடியது. 2018இல் ஆர்கன்சா வாக்காளர்கள் முழுக் கேசினோவை அனுமதித்ததும், டுனிகாவுக்கு வந்துகொண்டிருந்த மெம்ஃபிஸ்காரர்களுக்குப் பாலம் தாண்டினாலே வெஸ்ட் மெம்ஃபிஸில் கிடைத்தது, டுனிகா வரை ஏன் ஓட்ட வேண்டும்? அந்தச் சாலையில் சோடியம் விளக்குகள் மட்டும் முழுசாக எரிகின்றன.

தெற்கே, அதே மாநிலத்தின் கடலோர ஊரான பிலாக்ஸியின் நிலைமை வேறு. 2005இல் கத்ரினா புயல் கேசினோ மிதவைகளைத் தூக்கிக் கரையில் எறிந்தது. அந்த வருடமே சட்டத்தை மாற்றி, கரையிலிருந்து 800 அடிக்குள் நிலத்திலேயே கட்டலாம் என்றார்கள். இப்போது அங்கே கடலைப் பார்த்தபடி வண்டி போட இடம் தேடுகிறோம். ஜனவரிக்கு எங்கும் இல்லை என்கிறார்கள். பிப்ரவரியில் மார்டி கிரா திருவிழாக் கூட்டம் வரும், அதற்கு முந்தைய வாரம் ஒரு பார்க்கில் இருக்கிறதாம், 50 ஆம்ப் இணைப்போடு. அத்தை வருவதாக இருந்தால் சீக்கிரம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.